கதை நிகழும் மாவட்டம்: கொழும்பு

கிறிஸ்ரி முப்பத்தொரு வருடங்கள் துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க்காக இருந்தவர். மற்றவர்கள் இறக்குமதி செய்த சாமான்களைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பது அவருடைய வேலை. பால்மா, டயர், தையல் மெஷின், ஒருமுறை ஒரு சர்க்கஸ் கம்பெனியின் ஒட்டகம் என்று எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒட்டகத்துக்குப் பதினொரு படிவங்கள் தேவைப்பட்டன. அந்த அனுபவத்தில் அவருக்கு ஒரு நம்பிக்கை வேரூன்றியிருந்தது. சரியான படிவம், சரியான முத்திரை, சரியான கவுண்டர். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் உலகத்தில் வெளியே வராத பொருள் எதுவும் இல்லை. மகள் சாமினி எழுதிய நாவலையும் இப்படியே வெளியே எடுத்துவிடலாம் என்றுதான் அவர் நினைத்தார்.

சாமினிக்கு இருபத்துநாலு வயது. கிறிஸ்ரியின் இரத்தத்தில் பாதிக் குறை இருந்தது. மனைவி றோஸியின் இரத்தத்திலும் பாதிக் குறை இருந்தது. இருவருக்கும் கலியாணத்துக்கு முன் அது தெரியாது. இரண்டு பாதியும் சேர்ந்து தலசீமியாவோடு சாமினி பிறந்தாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய், முகம் தெரியாத ஆட்கள் கொடுத்த இரத்தத்தை ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வருவாள். ஒரு கை ஊசியோடு அசையாமல் கிடக்க, மற்றக் கையின் பெருவிரலால் நாலு வருடமாகப் போனில் தட்டி எழுதியதுதான் 'திருத்தப்படாதவள்' என்ற விஞ்ஞான நாவல்.

அதில் ஓரா, தீமன் என்று இரண்டு விண்வெளிப் பேரரசுகள். ஒரு காலத்தில் ஒரே கப்பலில் வந்திறங்கிய ஒரே சனம். பிறகு தங்கள் பிள்ளைகளைக் கருவிலேயே திருத்தத் தொடங்கினார்கள். ஓராவில் பிள்ளைகளுக்குத் துக்கம் வராதபடி மரபணுவை மாற்றினார்கள். தீமனில் எதுவும் மறக்காதபடி மாற்றினார்கள். துக்கப்படத் தெரியாதவர்களும் மறக்கத் தெரியாதவர்களும் தொள்ளாயிரம் வருடங்களாகச் சண்டை பிடிக்கிறார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவே ஓர் ஆஸ்பத்திரிக் கப்பல் மிதக்கிறது. அதில் இழை என்றொரு பெண் இருக்கிறாள். அவளை யாரும் திருத்தவில்லை. அதனாலோ என்னவோ அவளுடைய இரத்தம் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறது.

"நீங்க வாசிச்சீங்களா அப்பா?" என்று சாமினி கேட்பாள்.

"முதல்ல விசயம் முடியட்டும் மகள். பிறகு ஆறுதலா இருந்து வாசிக்கிறன்."

அந்த வருடம்தான் அரசாங்கம் தேசிய எதிர்கால இலக்கிய அதிகாரசபையை அமைத்திருந்தது. வெள்ளவத்தையில், காலி வீதியோரம், ஒரு சாறிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் அதன் தமிழ்ப் பிரிவு இயங்கியது. 'நாளையை இன்றே பதிவு செய்வோம்' என்று வாசலில் எழுதியிருந்தது. தெரிவாகும் விஞ்ஞான நாவல்கள் அச்சிடப்பட்டு நாட்டின் எல்லாப் பொது நூலகங்களுக்கும் அனுப்பப்படும் என்று பேப்பரில் அறிவித்தல் வந்தது. சாமினி அதை வெட்டி எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். அதே கிழமைதான் டொக்டர், கிறிஸ்ரியையும் றோஸியையும் வார்ட்டுக்கு வெளியே கூப்பிட்டு, ஏற்றிய இரத்தத்தின் இரும்பு பிள்ளையின் இதயத்தில் சேர்ந்துவிட்டது என்று சொன்னார். எவ்வளவு காலம் என்று றோஸி கேட்டாள். டொக்டர் தன் செருப்பைப் பார்த்தார்.

கிறிஸ்ரி அன்று பின்னேரமே மேசையில் உட்கார்ந்து, பழுதாகக்கூடிய சரக்குகளுக்கு முன்னுரிமை கேட்டு எழுதும் வழக்கமான பாணியில் அதிகாரசபைக்கு ஒரு கடிதம் எழுதினார்.

*

விண்ணப்பங்களுக்குப் பொறுப்பாக நஸ்லா என்ற இளம் உத்தியோகத்தர் இருந்தாள். நல்ல பிள்ளை. கிறிஸ்ரி கொடுத்த ஒன்பது படிவங்களையும் அவள் மரியாதையாகப் புரட்டினாள்.

"அங்கிள், எட்டாம் கூடு வெறுமையா ஈக்கி. கதை நிகழும் மாவட்டம்."

"இது விண்வெளியில நடக்கிற கதை, மிஸ்."

"அது எனக்கும் விளங்குது. ஆனா கம்பியூட்டர்ல இருபத்தஞ்சு மாவட்டம்தான் ஈக்கி. ஒண்டைத் தெரிவு செய்யாட்டி அடுத்த பக்கம் தொறக்காது."

"இதுக்கு முதல் வந்த ஆக்கள் என்ன போட்டவங்க?"

"செவ்வாய்க் கிரகத்துக் கதை ஒண்டு வந்திச்சி. அத மொனராகலைண்டு போட்டாங்க."

கிறிஸ்ரி சாமினிக்குப் போன் எடுத்தார். அவள் மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். "கொழும்பெண்டு போடுங்க அப்பா. எழுதினது கொழும்பில தானே."

நஸ்லா கொழும்பு என்று அழுத்தினாள். அடுத்த பக்கம் திறந்தது. தாங்கள் இருவரும் என்ன செய்துவிட்டோம் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

பதினெட்டு நாட்களில் பதிவுத்தபாலில் கடிதம் வந்தது. 'தங்கள் நாவலின்படி கொழும்பு மாவட்டத்தில் தொள்ளாயிரம் வருடங்களாக யுத்தம் நடைபெறுவதாகத் தெரியவருகிறது. இது எந்தவொரு திணைக்களத்துக்கும் முன்னறிவித்தல் செய்யப்படவில்லை. மேலும், மரபணு மாற்றப்பட்ட அறுபது கோடிப் பேர் மேற்படி மாவட்டத்தில் காணப்படுகின்றனர். அவர்கள் இறக்குமதி செய்யப்பட்டவர்களா, உள்நாட்டு உற்பத்தியா என்பதை இணைக்கப்பட்ட படிவத்தில் குறிப்பிடவும்.'

இந்தக் கடிதத்தை வாசித்த வேறு எந்தத் தகப்பனும் தலையில் கை வைத்திருப்பான். கிறிஸ்ரிக்குச் சந்தோஷம் பொங்கியது. இது அவருடைய துறை. இறக்குமதி என்று எழுதினால் தாவரப் பரிசோதனையிலிருந்து மிருக வைத்தியர் வரை பதினாலு இடத்துக்கு ஓட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். "உள்நாட்டு உற்பத்தி" என்று அழகான எழுத்தில் எழுதி, யுத்தம் பற்றிய கூட்டில் "ஆசிரியரின் கற்பனையில் மட்டும். சத்தம் வெளியே கேட்காது" என்று எழுதினார். அதிகாரசபை அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது.

"பாத்தியா? அறுபது கோடிப் பேரையும் ஒரு பேப்பரில எடுத்திட்டன்" என்று சாமினியிடம் சொன்னார்.

"அவ்வளவு பேரையும் எங்கட வீட்டில எங்க அப்பா படுக்க வைக்கிறது?" என்றாள் அவள்.

அந்த முறை இரத்தம் ஏற்றிய பிறகும் அவளுடைய உதட்டில் நிறம் வரவில்லை. கணுக்கால்கள் வீங்கியிருந்தன. கிறிஸ்ரி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த நாள் இன்னும் நேரத்தோடு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினார்.

*

பணிப்பாளர் இராஜநாயகம் வெள்ளைச் சேர்ட்டில் மூன்று பேனைகள் குத்தியிருந்தார். அவருடைய மேசையில் நாவல்கள் எதுவும் இல்லை. நாவல்களைப் பற்றிய கோப்புகள் இருந்தன.

"அதிகாரசபை எந்தப் பேரரசின் பக்கமும் சாராது, மிஸ்டர் கிறிஸ்ரி. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எமக்கு ஓராவும் ஒன்றுதான், தீமனும் ஒன்றுதான்." பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதில எது நாங்கள், எது அவையள்?"

"ரெண்டும் வேற கிரகம், சேர்."

"அது விளங்குது. வேற கிரகத்தில கொண்டுபோய் வைச்சால் நாங்கள் கண்டுபிடிக்கமாட்டம் எண்டு நினைக்கிறதுதான் எழுத்தாளர்மாரின்ர பழக்கம். துக்கப்படாத ஆக்கள் எண்டு ஆரைச் சொல்லுறா உங்கட மகள்?"

"அவ ஒருத்தரையும் சொல்லேல்ல சேர். அவ ஆஸ்பத்திரியில இருந்து எழுதினவ."

பணிப்பாளர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு ஓர் அட்டவணையை எடுத்தார். அதிகாரசபை அனுமதிக்கும் எந்த நாவலிலும் இரு தரப்பு இழப்புகளும் சமமாக இருக்க வேண்டும் என்பது தேசியக் கொள்கை. நஸ்லா மூன்று நாள் இருந்து கணக்கெடுத்ததில் ஓராவில் நாலு கோடிப் பேரும் தீமனில் மூன்று கோடியே தொண்ணூறு இலட்சம் பேரும் இறந்திருந்தார்கள்.

"பத்து இலட்சம் குறையுது" என்றார் பணிப்பாளர். "தீமன் பக்கம் இன்னும் பத்து இலட்சம் பேரைச் சாகடிக்கச் சொல்லுங்கோ. பெரிய வேலை இல்லை. ஒரு பந்தியில முடியும்."

கிறிஸ்ரி இந்தச் செய்தியோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். சாமினி மூக்கில் ஒட்சிசன் குழாயோடு படுத்திருந்தாள். றோஸி பக்கத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பத்து இலட்சம் பேரையா?"

"ஒரு பந்தியில முடியுமாம், மகள்."

"பிள்ளையை இப்ப இதைக் கேக்கிற நேரமா?" என்றாள் றோஸி.

சாமினி மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள். "அப்பா, இந்தக் கட்டிலில இருந்துகொண்டு என்னால ஒருத்தரையும் புதுசா சாகடிக்க ஏலாது. மற்றப் பக்கம் செய்வமா?" போனை எடுத்துத் தரச் சொன்னாள். பெருவிரலால் மெதுவாகத் தட்டினாள். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் அழிந்துபோன ஓராவின் கப்பல் ஒன்று அழியாமல் வேறு வழியால் திரும்பி வந்தது. அதில் பத்து இலட்சம் பேர் இருந்தார்கள். "எழுப்பிவிட்டிட்டன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். றோஸி தோடம்பழச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள்.

அதிகாரசபை அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டு ஒரு நிபந்தனை விதித்தது. ஆசிரியர் அனுமதி வழங்கப்படும் தினத்தில் உயிரோடு இருக்கிறார் என்பதை உறுதிப்படுத்த ஒரு முறை நேரில் தோன்ற வேண்டும். நேரில் தோன்றிய பின், உயிர்வாழ்தல் சான்றிதழில் முத்திரை விழும்.

"கடிதம் குடுத்தா காணாதா மிஸ்?" என்று கிறிஸ்ரி கேட்டார்.

"டிரெக்டர் ஆளக் காணனுமாம் அங்கிள்." நஸ்லா நிமிர்ந்து பார்க்கவில்லை. "இன்னும் ஒண்டு. பதினாலாம் படிவத்தில சைன் வெக்கணும். மகள் வெக்காட்டியும் பரவாயில்ல, நீங்க வெச்சாலும் சரி. அது இல்லாட்டி அச்சுக்குப் போகாது."

பதினாலாம் படிவம் நாலு பக்கம். சிறிய எழுத்து. முப்பத்தொரு வருடமாக எந்தப் பேப்பரையும் இரண்டு தரம் வாசிக்காமல் கையெழுத்து வைத்திராத கிறிஸ்ரி, மணிக்கூட்டைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிய ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நாலு பக்கத்திலும் கையெழுத்து வைத்துவிட்டு ஓடினார்.

*

சாமினி டொக்டரிடம் நாலு மணித்தியால லீவு கேட்டாள். டொக்டர் மறுத்தார். இரண்டு மணித்தியாலம் கேட்டாள். டொக்டர் திரும்பவும் தன் செருப்பைப் பார்த்தார்.

றோஸி ஒரு பக்கம், கிறிஸ்ரி ஒரு பக்கம், நடுவில் சாமினி என்று ஒரு திரீவீலில் வெள்ளவத்தைக்கு வந்தார்கள். சாமினி நீலச் சட்டை போட்டிருந்தாள். கொஞ்சம் லிப்ஸ்டிக்கும் பூசியிருந்தாள். "உயிரோட இருக்கிற மாதிரித் தெரியவேணும் தானே" என்றாள்.

கீழே காவலாளி கையை நீட்டி மறித்தான். "அய்யே, லிஃப்ட் எக்க சேர்லாட்ட விதரய்." லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும்தானாம். கிறிஸ்ரி சிங்களத்தில் கெஞ்சினார். மகளுக்கு இதய வருத்தம் என்றார். காவலாளிக்கும் முகம் வாடிவிட்டது. ஆனால் பூட்டியிருந்த லிஃப்ட்டின் திறப்பு பணிப்பாளரின் சேர்ட் பொக்கெற்றில் இருந்தது.

முப்பத்தாறு படிகள். பன்னிரண்டாம் படியில் சாமினி உட்கார்ந்தாள். இருபதாம் படியில் உட்கார்ந்தாள். இருபத்தெட்டாம் படியில் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "இஞ்சயே கொஞ்ச நேரம் இருப்பம் அம்மா, இந்த இடம் நல்லா காத்து வருது" என்றாள். காற்று எதுவும் வரவில்லை. கிறிஸ்ரி அவளைத் தூக்க முயன்றார். அவள் விடவில்லை. "தூக்கிக்கொண்டு போனா உயிரோட வந்ததா எடுக்கமாட்டாங்கள் அப்பா."

மேலே பணிப்பாளர் இல்லை. 'எழுத்தாளரைத் தேடிச் செல்வோம்' என்ற கருத்தரங்கில் உரையாற்ற ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தார்.

நஸ்லா தன் கதிரையை எடுத்துவந்து சாமினிக்குப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். பக்கத்தில் குந்தியிருந்து, "நான் முழுசா வாசிச்சேன். திருத்தி வந்தத் திரும்பக் கணக்கெடுக்கத்தான் தொடங்கினேன். இருபத்திரண்டாம் அத்தியாயத்தோட கணக்கு மறந்து போச்சி" என்றாள். சாமினியின் முகம் அப்படி மலர்ந்ததை றோஸி பல மாதங்களாகப் பார்த்ததில்லை.

"ஆசிரியர் தோன்றினார். உயிரோடிருந்தார்" என்று நஸ்லா கோப்பில் எழுதினாள். பணிப்பாளர் வந்ததும் முத்திரை வைக்கலாம் என்றாள்.

பணிப்பாளர் ஒன்பது நாட்களுக்குப் பிறகுதான் வந்தார். அது ஒரு வியாழக்கிழமை. கிறிஸ்ரி காலை எட்டரைக்கே வரிசையில் நின்றார். பதினொரு மணியாகிச் சில நிமிடங்களில் அவருடைய முறை வந்தது. பணிப்பாளர் முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றும்போது கிறிஸ்ரியின் போன் அடித்தது.

"வாங்க" என்றாள் றோஸி.

கிறிஸ்ரி உடனே திரும்பி ஓடவில்லை. முத்திரை பேப்பரில் விழும்வரை நின்றார். அது விழுந்தது. 'ஆசிரியர் உயிருடன் உள்ளார். மு.ப. 11.10.' பேப்பரை வாங்கி மடித்து சேர்ட் பொக்கெற்றில் வைத்தார். பிறகுதான் ஓடினார். அந்த அரை நிமிடத்துக்காக அவர் தன்னை ஒருநாளும் மன்னிக்கவில்லை.

*

செத்தவீட்டுக்கு அதிகாரசபை மலர்வளையம் அனுப்பியது. அதோடு ஒரு கடிதமும் வந்தது. ஆசிரியரின் மரணச் சான்றிதழின் மூன்று பிரதிகள் கேட்டிருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள் கிறிஸ்ரி அவற்றைக் கொண்டு போனார். ஏன் போனார் என்று றோஸி கேட்கவில்லை. அவருக்குப் போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை.

பணிப்பாளர் எழுந்து நின்று கையைப் பற்றினார். "பெரிய இழப்பு. இலக்கியத்துக்கும் இழப்பு. ஆனால் ஒரு ஆறுதல் சொல்லுறன். இதுவரை உங்கட மகள் 'வளரும் எழுத்தாளர்' பிரிவில இருந்தவ. அதில நானூற்றிப் பத்துப் பேர் வரிசையில நிக்கினம். இப்ப 'மறைந்த எழுத்தாளர்' பிரிவுக்கு வந்திட்டா. இதில போட்டியே இல்லை. கோப்பு இனிப் பறக்கும்."

பிறகு இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவரின் புருவம் சுருங்கியது.

"ஒரு சிக்கல் இருக்கு, மிஸ்டர் கிறிஸ்ரி. ஆஸ்பத்திரி பத்து ஐம்பது எண்டு போட்டிருக்கு. எங்கட முத்திரை பதினொன்று பத்து. அதாவது, எங்கட பதிவின்படி உங்கட மகள் செத்த பிறகும் இருபது நிமிடம் உயிரோட இருந்திருக்கிறா. இது கணக்காய்வில வந்தால் நான் பதில் சொல்ல ஏலாது. அந்த இருபது நிமிடத்தையும் இரத்துச் செய்யச் சம்மதம் எண்டு ஒரு கடிதம் தாங்கோ."

கிறிஸ்ரி வெள்ளைத் தாளை வாங்கினார். தேதி போட்டார். 'ஐயா' என்று எழுதினார். அதற்குமேல் பேனை ஓடவில்லை. முப்பத்தொரு வருடத்தில் அவர் எழுத முடியாமல் போன முதல் கடிதம் அதுதான். கடைசியில் நஸ்லாவே அதை எழுதி அவருடைய கையில் பேனையைக் கொடுத்தாள். அவளுடைய கண்ணீர் தாளில் விழாமல் இருக்கத் தாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். கிறிஸ்ரி கையெழுத்து வைத்தார். இருபது நிமிடம் போயிற்று.

அடுத்த கட்டம் நேர்முகம். மறைந்த எழுத்தாளரின் உரித்தாளர் நாவலை விளங்கிக்கொண்டவரா என்று மூவர் கொண்ட குழு பரிசோதிக்கும். அப்போதுதான் கிறிஸ்ரி நாவலை வாசித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவர் வாசித்த முதல் கதை. ஐந்து நாட்கள், காலையிலிருந்து பின்னேரம் வரை சாமினியின் கட்டிலில் இருந்து வாசித்தார். ஓராவின் தளபதி, தன் பிள்ளை செத்த செய்தியைக் கேட்டுத் துக்கம் வராமல், துக்கம் வராததற்காக மட்டும் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில் கதையை மூடிவைத்துவிட்டுக் கடற்கரைவரை நடந்து போய்வந்தார். ஆஸ்பத்திரிக் கப்பலில் எதிரிப் படையாட்கள் இருவர் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஊசியைப் பற்றி முறைப்பாடு சொல்லும் இடத்தில் சத்தமாகச் சிரித்தார். குசினியில் இருந்து றோஸி ஓடிவந்து பார்த்தாள்.

கடைசிப் பக்கத்தில் யுத்தம் முடியவில்லை. கப்பல் எண்ணெய் நிரப்ப ஒரு சின்னக் கிரகத்தில் நிற்கிறது. அங்கே மழை. இழை இறங்கி மழைக்குள் நடந்து போகிறாள். 'அன்று முழுவதும் யாரும் அவளுடைய இலக்கத்தைக் கூப்பிடவில்லை' என்று நாவல் முடிகிறது.

கிளினிக்கில் இலக்கம் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருந்தவர் கிறிஸ்ரி. இருபத்துநாலு வருடம். ஒரு நாளாவது அந்த இலக்கம் கூப்பிடப்படாமல் இருந்தால் நல்லது என்று அவள் நினைத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

*

குழுவில் பணிப்பாளர், ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர், தேநீர் வரும்வரை எதுவும் பேசாத இன்னொருவர் இருந்தார்கள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "யுத்தம் அதிகம். குறைக்கலாம். பேரரசுகள் என்பதை நட்புப் பிரதேசங்கள் என்று மாற்றலாம். அவை திருத்தக்கூடிய குறைகள். ஆனால் முடிவு? இத்தனை பேருக்கு இரத்தம் கொடுத்த கதாநாயகி கடைசியில் சும்மா இறங்கி நடந்து போவதா? காவிய மரபில் இதற்கு இடமே இல்லை. அவள் கடைசித் துளியையும் கொடுத்து மடிய வேண்டும். அப்போதுதான் வாசகன் பயன் பெறுவான்."

"தேசத்துக்கும் ஒரு செய்தி போகும்" என்றார் பணிப்பாளர்.

கிறிஸ்ரி எழுந்து நின்றார். சுங்க அதிகாரிகளுக்கு முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டார்.

"சேர், நான் சாமான் எடுக்கிற ஆள். எனக்குக் கதை தெரியாது. யுத்தத்தைக் குறைக்கிறதெண்டா குறையுங்க. பேரை மாத்துறதெண்டா மாத்துங்க. அந்தப் பிள்ளையை மட்டும் விட்டிடுங்க. அவள் வேலை முடிஞ்சு போறாள். கேட்டவங்கள் எல்லாருக்கும் குடுத்திட்டாள். இனி அவள் மழையில நனைஞ்சா உங்களுக்கு என்ன சேர் நட்டம்? என்ர மகளுக்குச் செத்துப்போறதெப்பிடி எண்டு நல்லாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இவளைச் சாகவிடாம வைச்சவ."

தேநீர் வந்தது.

"உங்களுடைய உணர்வு கூட்டக்குறிப்பில் பதியப்படும்" என்றார் பணிப்பாளர்.

நாலு மாதத்தில் புத்தகம் வந்தது. வெளியீட்டு விழா காலி வீதியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கிறிஸ்ரிக்கும் றோஸிக்கும் முன்வரிசை. மேடையில் சாமினியின் பெரிய படம். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்திருந்தார்கள். பணிப்பாளர் நாற்பது நிமிடம் பேசினார்.

"இந்த நூல் வெளிவருவதற்கு அதிகாரசபை பட்ட பாட்டை யார் அறிவார்? பதினாலு படிவங்கள். இருபத்திரண்டு கடிதங்கள். மூன்று குழுக்கள். ஒரு நாவலுக்காக இத்தனை உழைப்பைக் கொட்டிய வேறு நிறுவனம் ஆசியாவில் உண்டா? ஆசிரியரின் பங்களிப்பையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை."

கிறிஸ்ரி புத்தகத்தைத் திறந்தார். பெயர் 'இழையின் தியாகம்' என்று மாறியிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் தொண்ணூற்றாறு பக்கமாகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் இழை கடைசித் துளி இரத்தத்தையும் கொடுத்துவிட்டுப் புன்னகையுடன் கண்மூடினாள். இரு நட்புப் பிரதேசங்களின் தலைவர்களும் அவளுடைய உடலுக்கு மரியாதை செலுத்தினார்கள்.

அவர் எழுந்து மண்டபத்தின் ஓரத்தில் நின்ற நஸ்லாவிடம் போனார். அவள் அவர் வருவார் என்று எதிர்பார்த்துக் கோப்போடு நின்றாள். பதினாலாம் படிவத்தின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினாள். எந்த மாற்றத்தையும் செய்ய அதிகாரசபைக்கு நிரந்தர உரிமை உண்டு, மூலப் பிரதியை வேறெங்கும் அச்சிடக்கூடாது என்று இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. அவசரத்தில் வைத்ததுதான். ஆனாலும் தெளிவாக, அழகாக இருந்தது.

"அண்டைக்கே செல்லியிருக்கணும் அங்கிள். எனக்கும் இத வாசிக்க நேரம் இருக்கல்ல" என்றாள் நஸ்லா. கிறிஸ்ரி அவளுடைய தோளைத் தட்டினார். அவள்மேல் அவருக்குக் கோபம் இல்லை.

தகப்பனாரை இரண்டு வார்த்தை பேசும்படி மேடைக்குக் கூப்பிட்டார்கள். கிறிஸ்ரி மைக்கைப் பிடித்தார். மண்டபம் முழுவதும் அவருடைய முகத்தைப் பார்த்தது.

"அவள் சாகேல்ல" என்றார். "தயவுசெய்து எல்லாரும் கேளுங்க. அவள் சாகேல்ல. அவள் நடந்து போனவள்."

பிறகு ஒருவர் கைதட்டத் தொடங்க மண்டபமே கைதட்டியது. பல பேர் கண்ணைத் துடைத்தார்கள். பணிப்பாளர் மைக்கை வாங்கித் தழுதழுத்த குரலில், "உண்மை. எழுத்தாளர்கள் சாவதில்லை" என்றார். கைதட்டல் இன்னும் கூடியது. கிறிஸ்ரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

*

ஆசிரியர் பிரதி என்று இருபத்தைந்து புத்தகங்களைப் பெட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்துவைத்த பிறகு கிறிஸ்ரி பெட்டியைப் பிரித்துப் புத்தகங்களை மேசையில் அடுக்கினார். நீலப் பேனையும் அடிமட்டமும் எடுத்தார்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றாள் றோஸி.

"அச்சடிக்கத்தானே கூடாதெண்டு போட்டிருக்கு. கையால எழுதக்கூடாதெண்டு இல்ல."

சுங்கப் பத்திரத்தில் பிழை வந்தால் அழிக்கக்கூடாது. பிழையான சொல் தெரியும்படி குறுக்கே ஒரே ஒரு கோடு. மேலே சரியான சொல். பக்கத்தில் திருத்தியவரின் சுருக்கொப்பம். அவர் முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அடிமட்டத்தை வைத்து, இழை கண்மூடிய வரிகள் எல்லாவற்றுக்கும் குறுக்கே கோடு போட்டார். பிறகு றோஸியைப் பார்த்தார்.

றோஸி சாமினியின் போனை எடுத்து எதிரே உட்கார்ந்தாள். கடைசிப் பக்கத்தை வாசித்தாள். கிறிஸ்ரி ஓரத்தில் எழுதினார். இடம் போதாமல் எழுத்து பின் அட்டையின் உட்புறத்துக்குத் தாண்டியது. ஐந்தாவது புத்தகத்தில் றோஸிக்குப் போன் தேவைப்படவில்லை. ஒன்பதாவது புத்தகத்தில் அவள் எழுதத் தொடங்க, அவர் சொன்னார். பின்னேர வெயில் மேசையை விட்டு விலகியது. கீழே வீதியில் பாண்காரனின் வண்டி பாட்டோடு போயிற்று.

கடைசிப் புத்தகத்தை எழுதி முடித்ததும் கிறிஸ்ரி பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்தார். பேனையை மூடப்போனவரிடமிருந்து றோஸி அதை வாங்கினாள். அவருடைய ஒப்பத்துக்குக் கீழே தன்னுடையதையும் வைத்தாள். பிறகு மற்ற இருபத்துநாலு புத்தகங்களையும் ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்து, கடைசிப் பக்கத்தைத் திறந்து, எல்லாவற்றிலும் வைத்தாள்.